வீட்டுச் செடியை எங்கே வைப்பது? வெளிச்சம் பற்றி வடசென்னை வீடுகளில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் வரிசையாகத் தொட்டிகள் இருக்கும். படியேறும்போது நின்று கேட்பவர்கள், தங்கள் வீட்டுச் செடியைப் போனில் படம் எடுத்துவந்து காட்டுபவர்கள், ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் என்று யார் பேச்சை ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருகிறது: செடியை எங்கே வைப்பது? உரம், மண், தண்ணீர் எல்லாம் அப்புறம். வெளிச்சம் பத்தாத இடத்தில் நிற்கும் செடிக்கு வேறு எதைச் செய்தாலும் பிடிப்பதில்லை. அதனால் அவர்கள் கேட்டது கேட்டபடியே கேள்விகளை எழுதி, கீழே பதில் கொடுத்திருக்கிறேன்.

செடின்னா வெயில்ல தானே வெக்கணும்? வீட்டுக்குள்ள எப்படி வளரும்?

எல்லாச் செடிக்கும் வெயில் தேவையில்லை. வெளிச்சம் எல்லாவற்றுக்கும் தேவை. மணி பிளாண்ட், அக்லோனிமா, சிங்கோனியம் மாதிரியான செடிகள் காட்டில் பெரிய மரங்களுக்குக் கீழே வளர்ந்து பழகியவை. மேலே இருக்கும் இலைகளைத் தாண்டி வரும் வெளிச்சத்திலேயே பிழைக்கத் தெரிந்தவை என்பதால்தான் வீட்டுக்குள்ளும் தாக்குப்பிடிக்கின்றன. செம்பருத்தி, ரோஜா, மல்லி, கறிவேப்பிலை எல்லாம் வெட்டவெளிச் செடிகள். இவற்றை ஹாலில் வைத்துக் கும்பிட்டாலும் பூக்காது.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். மொட்டை மாடியில் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். அதே மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் பத்தாயிரம் இருக்கும். இரவில் ட்யூப்லைட் போட்ட ஹாலில் நூறு முதல் முந்நூறு. நிழல் விரும்பும் செடிகள் ஐந்நூறு முதல் ஆயிரம் லக்ஸில் உயிரோடு இருக்கும். இரண்டாயிரத்துக்கு மேல் போனால்தான் துளிர்விட்டு வளரும்.

எங்க ரூம் பளிச்சுன்னு தான் இருக்கு. ஆனாலும் செடி மெலிஞ்சுகிட்டே போகுதே?

நம் கண்ணை நம்பினால் இப்படித்தான் ஆகும். மொட்டை மாடியிலிருந்து வீட்டுக்குள் வந்தால் சில நிமிடங்களில் கண் பழகிவிடுகிறது. வெளியே இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட வெளிச்சம் இல்லாத அறையும் நமக்குப் பளிச்சென்றுதான் தெரியும். பேப்பர் படிக்கலாம், ஊசியில் நூல் கோக்கலாம். இலைக்கு அப்படிப் பழகும் வசதி இல்லை. விழுகிற வெளிச்சத்துக்கு ஏற்றபடிதான் அது உணவு தயாரிக்க முடியும்.

இன்னொன்று, ஜன்னலை விட்டுத் தள்ளிப் போகப் போக வெளிச்சம் மிக வேகமாகக் குறைகிறது. ஜன்னல் திட்டில் நாலாயிரம் லக்ஸ் இருக்கிற அறையில், ஆறடி தள்ளி டிவி ஸ்டாண்டின் மேல் முந்நூறு, நானூறு இருந்தாலே அதிகம். சுவர் மூலையில் அதுவும் கிடையாது. செடியை இரண்டடி ஜன்னல் பக்கம் நகர்த்துவது, ஒரு மாதம் உரம் போடுவதைவிடப் பலன் தரும்.

மீட்டர் கீட்டர் வாங்காம எப்படித் தெரிஞ்சுக்கறது?

பகல் பதினோரு மணியிலிருந்து இரண்டு மணிக்குள், செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். அதற்கு ஓரடி மேலே கையை விரித்துப் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியாக, ஓரம் வெட்டினாற்போல நிழல் விழுந்தால் அது வலுவான வெளிச்சம். கை என்று தெரிகிறது, ஆனால் ஓரமெல்லாம் மங்கல் என்றால் நடுத்தரம். பெரும்பாலான வீட்டுச் செடிகளுக்கு இதுதான் தோதான இடம். தாளில் ஏதோ லேசாக இருட்டுகிறது, கையா தட்டா என்று சொல்ல முடியவில்லை என்றால் அங்கே மிகச் சில செடிகள்தான் தங்கும். விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

போனில் லக்ஸ் மீட்டர் செயலியும் போட்டுக்கொள்ளலாம். போனின் முகம் மேலே பார்க்க, இலை இருக்கும் உயரத்தில் வைத்து அளக்க வேண்டும். எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் ஒரே போனை வைத்து வீட்டின் இரண்டு மூலைகளை ஒப்பிட அது போதும். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் பாருங்கள். ஒரு வேளை மட்டும் பார்த்து முடிவு செய்தால், பத்து நிமிடம் மட்டும் வெயில் எட்டிப் பார்க்கும் மூலையைக்கூட நல்ல இடம் என்று நினைத்துவிடுவோம்.

ஜன்னல் எந்தத் திசையில இருந்தா செடிக்கு நல்லது?

நம் பக்கத்தில் கிழக்குதான் முதலில். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் கரையோர வீடுகளில் கிழக்குப் பக்கம் கடல். எதிரே கட்டடம் இல்லையென்றால் ஆறரை ஏழு மணிக்கே வெயில் உள்ளே வந்துவிடும். பத்து மணிக்குள் அது விலகியும்விடும். காலை வெயிலில் சூடு குறைவு. சிங்கோனியம், ஸ்பைடர் பிளாண்ட், ரப்பர் செடி எல்லாம் இதைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும்.

மேற்கு எதிர்மாறு. இரண்டு மணிக்கு மேல் வரும் வெயிலோடு, நாளெல்லாம் காய்ந்த சுவரும் சேர்ந்து அனல் அடிக்கும். வெளிச்சத்தில் குறை இல்லை, சூட்டில்தான் சிக்கல். கற்றாழை, அடீனியம், கள்ளி வகைகளுக்கு அது பொருந்தும். மென்மையான இலைச் செடி என்றால் ஜன்னலிலிருந்து மூன்று நான்கடி தள்ளியோ, வெள்ளைத் திரைக்குப் பின்னாலோ வையுங்கள்.

தெற்கு ஜன்னலுக்கு மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் நல்ல வெயில் உண்டு. மார்கழியில் உச்சிப் பொழுதில்கூடச் சூரியன் தெற்கே சாய்ந்து, தரையிலிருந்து சுமார் 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். இரண்டடி சன்ஷேடு இருந்தாலும் அதன் நிழல் இரண்டரை அடிக்குக் கொஞ்சம் மேல்தான் இறங்கும். அதற்குக் கீழே உள்ள ஜன்னலில் வெயில் நுழையும். பங்குனியில் அதே சன்ஷேடு உச்சி வெயிலில் ஜன்னல் முழுவதையும் நிழலாக்கிவிடும். ஆக, ஒரே ஜன்னல் வருடத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. வடக்கைப் பற்றி அடுத்த கேள்வியில்.

வடக்கு ஜன்னல்ல வெயிலே வராதுன்னு எல்லா வீடியோவிலயும் சொல்றாங்க. எங்க வீட்டுல மே மாசம் வருதே, அது எப்படி?

அந்த வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பாவில் இருப்பவர்களுக்காகப் பேசுபவை. அங்கே சூரியன் வருடம் முழுக்க உச்சியில் தெற்குப் பக்கமாகவே இருக்கும். சென்னை பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கே மட்டுமே இருக்கிறது. ஏப்ரல் 24, 25 வாக்கில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அன்று உச்சிப் பொழுதில் நேராக நட்ட கம்புக்கு நிழல் விழாது. அப்புறம் அது நமக்கு வடக்கே போய்விடுகிறது. மறுபடி ஆகஸ்ட் 18 வாக்கில், ஆவணி பிறந்த கையோடு, தலைக்கு மேல் வந்து தெற்கே திரும்புகிறது.

அதனால் சித்திரை நடுவிலிருந்து ஆடி முடிய வடக்கு ஜன்னலுக்கும் வெயில் உண்டு. உச்சி வெயிலை சன்ஷேடு தடுத்துவிடும். காலையிலும் மாலையிலும் சுவரை ஒட்டிச் சாய்வாக ஒரு பட்டை உள்ளே வரும். கத்திரி வெயில் நாளில் அந்தப் பட்டை மாலையில் இலை மேல் விழுந்தால் அக்லோனிமாவும் பீஸ் லில்லியும் கருகும். இந்த நான்கு மாதமும் வடக்கு ஜன்னல் திட்டில் இருப்பவற்றை ஓரடி உள்ளே இழுத்துவிடுங்கள். மற்ற எட்டு மாதமும் அது அமைதியான, சீரான வெளிச்சம் தரும் இடம். நிழல் விரும்பும் செடிகளுக்கு நான் முதலில் தேடுவது அதைத்தான்.

அக்கா, எங்க சந்துல எதிர்வீட்டுச் சுவர் கை நீட்டினா எட்டும். திசை பாத்து என்ன பண்றது?

நியாயமான கேள்வி. வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை சந்துகளில் திசையைவிட வானம் தெரிகிறதா என்பதுதான் கணக்கு. தொட்டி வைக்கும் இடத்தில் உங்கள் தலையை வைத்து, ஜன்னல் வழியே மேலே பாருங்கள். வானம் ஒரு துண்டாவது தெரிந்தால் அந்த இடம் உதவும். தெரிகிற துண்டு எவ்வளவு பெரிதோ அவ்வளவு வெளிச்சம். சுவர் மட்டும் தெரிந்தால் அந்தச் சுவரின் நிறம் முக்கியமாகிறது. வெள்ளையடித்த சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். பூச்சு இல்லாத செங்கலும் பாசி படிந்த சிமென்ட்டும் விழுங்கிவிடும். உங்கள் பக்கத்துச் சுவருக்கும் ஜன்னல் திட்டுக்கும் வெள்ளை அடித்தாலே வித்தியாசம் தெரியும்.

ஒரே கட்டடத்தில் தரைத்தளத்துக்கும் மூன்றாம் மாடிக்கும் வெளிச்சம் பல மடங்கு மாறும். மாடி வீட்டில் செழித்த செடி கீழ்வீட்டில் நோஞ்சானாக நிற்பதற்குக் கைராசி காரணமில்லை. கீழ்வீட்டுக்காரர்கள் மாடிப்படித் திருப்பம், பால்கனிக் கம்பி, வாசல் நிலைக்கு மேலுள்ள இடம் இவற்றைப் பாருங்கள். பழைய வீடுகளில் முற்றமோ, கூரையில் கண்ணாடி ஓடோ இருந்தால் அதற்கு நேர் கீழே இருக்கும் இடத்தை விட்டுவிடாதீர்கள். மேலிருந்து நேராக விழும் வெளிச்சத்தில் செடி ஒரு பக்கம் சாயாமல் வளரும்.

வெளிச்சம் ரொம்பக் கம்மி. எந்தச் செடி தாங்கும்?

முதலில் ஸ்நேக் பிளாண்ட், ஜீஜீ பிளாண்ட். அடுத்து பச்சை நிற மணி பிளாண்ட், இதய வடிவ இலை உள்ள ஃபிலோடென்ட்ரான், கரும்பச்சை அக்லோனிமா. இவை தாங்கும் என்றுதான் சொல்கிறேன், செழிக்கும் என்று சொல்லவில்லை. ஜீஜீ பிளாண்ட் மங்கலான மூலையில் மாதக்கணக்கில் ஒரு புது இலைகூட விடாமல் அப்படியே நிற்கும். அதைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். கிழங்கில் சேமித்ததைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

வாங்கும்போது ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: இலையில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு வெளிச்சம் கேட்கும். வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லாததால் அது உணவு தயாரிக்காது. மிச்சமுள்ள பச்சை இரட்டை வேலை செய்ய வேண்டும். வரியோடிய மணி பிளாண்ட் இருட்டில் புது இலையை முழுப் பச்சையாக விடுவதும், குரோட்டன் நிறம் வெளுத்துப் பச்சையாகிப் போவதும் இதனால்தான். இருட்டான ஹாலுக்குக் குரோட்டன் வாங்காதீர்கள். கடையில் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

பாத்ரூம்ல பாட்டில்ல மணி பிளாண்ட் வெச்சிருக்கேன். ட்யூப்லைட் வெளிச்சம் போதும்ல?

போதாது. ஆள் உள்ளே இருக்கும்போது மட்டும் எரியும் விளக்கு அது. வெண்டிலேட்டர் வழியே வானம் தெரிந்தால், அதை ஒட்டி வைத்தால் ஓரளவு நடக்கும். இல்லையென்றால் இரண்டு பாட்டில் வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒன்றாக ஜன்னல் பக்கமும் பாத்ரூமிலும் மாற்றி மாற்றி வையுங்கள். வாரம் ஒருமுறை தண்ணீரையும் மாற்றுங்கள். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடுகிறது.

ஜன்னலில் கண்ணாடி பாட்டில் வைத்தால் உள்ளே பச்சைப் பாசி பிடிக்கும். பழுப்புத் தாளைச் சுற்றிவிட்டால் வேருக்கு இருட்டு, இலைக்கு வெளிச்சம்.

மணி பிளாண்ட் கொடி நல்லா நீளமாப் போகுது. ஆனா இலை ஏன் சின்னதாகுது?

நீளமாகப் போவதை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கொடியைக் கையில் எடுத்து, அடியிலிருந்து நுனி வரை பாருங்கள். வாங்கியபோது இருந்த இலைகள் உள்ளங்கை அகலத்தில், இரண்டு விரல் இடைவெளியில் இருக்கும். பிறகு வந்தவை ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சின்னதாகி, கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளி விழுந்திருக்கும். நுனி ஜன்னல் பக்கம் வளைந்திருக்கும். வெளிச்சம் எங்கே என்று தேடி, இருக்கிற சக்தியையெல்லாம் தண்டை நீட்டுவதில் செலவழித்திருக்கிறது.

நீண்ட தண்டு மறுபடி குட்டையாகாது. இலை நெருக்கமாக இருக்கும் இடத்துக்கு மேலே வெட்டி, வெட்டிய துண்டுகளைக் கணுவோடு அதே தொட்டியில் நட்டு, தொட்டியை வெளிச்சமான இடத்துக்கு மாற்றுங்கள். புது இலை பெரிதாக வருகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். இடம் மாற்றாமல் வெட்டினால் மறுபடி இதே கதைதான்.

இலை நுனி காஞ்சு போகுது. வெயில் அதிகமா? உள்ள வெக்கட்டுமா?

அவசரப்படாதீர்கள். வெயில் சுட்ட இலையில் காயம், வெயில் பட்ட பக்கத்தில் மட்டும் இருக்கும்: முதலில் வெளிறிய திட்டு, பிறகு காகிதம் மாதிரி மொறுமொறுப்பான பழுப்பு. அதே இலையில் நிழலில் இருந்த பாதி பச்சையாகவே இருக்கும். சுட்ட திட்டு ஆறாது. ஆனால் பரவவும் செய்யாது.

எல்லா இலையிலும் நுனியும் ஓரமும் மட்டும் ஒரே மாதிரி பழுப்பானால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறியிருப்பது தெரிந்த விஷயம். போர் தண்ணீர் ஊற்றும் தொட்டிகளில் மண் மேலும் தொட்டி ஓரத்திலும் வெள்ளையாகப் பூத்திருக்கும், பாருங்கள். வடிகட்டும் இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீர் அதைவிட உப்பு. மிச்சம் பிடிக்கிறேன் என்று அதைச் செடிக்கு ஊற்ற வேண்டாம். குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ மழைநீரோ கொடுத்து, மாதம் ஒருமுறை தொட்டியின் அடியில் வழிந்தோடும்படி நிறைய ஊற்றி உப்பை வெளியேற்றுங்கள். இந்தச் செடியை இருட்டுக்கு மாற்றினால் இரண்டாவது பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும்.

நர்சரில தளதளன்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்த பத்து நாள்ல இலை கொட்டுது. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை. மாதவரம் பக்க நர்சரியில் செடி பச்சை வலைக்குக் கீழே இருந்திருக்கும். அந்த வலைக்கு அடியிலேயே பத்து, இருபதாயிரம் லக்ஸ் இருக்கும். அங்கிருந்து உங்கள் ஹாலின் முந்நூறு லக்ஸுக்கு ஒரே நாளில் வந்தால் அத்தனை இலைகளையும் அதனால் காப்பாற்ற முடியாது. பழைய இலைகளைக் கழற்றிவிட்டு, இருக்கும் வெளிச்சத்துக்கு ஏற்ப அது தன்னைக் குறைத்துக்கொள்கிறது. சின்ன இலை உள்ள ஃபைகஸ் வகைகளில் இந்த உதிர்வு அதிகம்.

இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். முதலில் பால்கனி நிழல், பிறகு ஜன்னல் ஓரம், அதன் பிறகு நீங்கள் நினைத்த இடம். மீன்பாடி வண்டியில் தெருவில் வரும் செடி என்றால் எங்கே இருந்தது, நிழலிலா வெயிலிலா என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே இருந்த செடியை வெளியே கொண்டுபோகும்போதும் இதே நிதானம் வேண்டும். பல மாதம் ஹாலில் இருந்த கற்றாழையை நேராக மாடி வெயிலில் வைத்தால் அதுவும் சுட்டுக்கொள்ளும்.

கத்திரி வெயில்ல பால்கனிச் செடியை என்ன பண்றது? பச்சை வலை கட்டினா போதுமா?

எந்த வலை என்று பார்க்க வேண்டும். 50 சதவீத வலை என்றால் பாதி வெயிலைத் தடுக்கும் என்று அர்த்தம். ஒரு லட்சம் லக்ஸில் பாதி போனாலும் ஐம்பதாயிரம் மிச்சம் இருக்கிறது. மல்லி, ரோஜா, காய்கறிக்கு அது சரி. இலைச் செடிகளுக்கு 75 சதவீத வலை கட்டுங்கள். செடியைத் தொடாமல், மேலே இரண்டடியாவது இடைவெளி விட்டுக் கட்டினால்தான் காற்று ஓடும்.

மே மாதத்தில் வெளிச்சத்தைவிடத் தொட்டியின் சூடுதான் அதிகம் கொல்கிறது. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி மேற்கு வெயிலில் நின்றால் மதியம் மண்ணைத் தொடவே முடியாது; வேர் வெந்துவிடும். தொட்டிகளை நெருக்கி வைத்து, வெயில் பக்கம் ஒரு பலகையோ சாக்கோ சாய்த்து வையுங்கள். செங்கல் மேல் தூக்கி வைத்தால் தரைச் சூடு ஏறாது.

ஐப்பசி, கார்த்திகைல நாள் கணக்கா மூட்டமா இருக்கே. அப்போ?

இரண்டே வேலை. நிழலுக்காக உள்ளே இழுத்தவற்றை மறுபடி ஜன்னலுக்குக் கொண்டுபோங்கள். தெற்கு ஜன்னல் இருந்தால் இதுதான் அதன் காலம். தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். வெளிச்சம் குறைந்தால் செடி குடிப்பதும் குறையும். வழக்கப்படி ஊற்றினால் மண் ஈரம் காயாமல் வேர் அழுகும், தொட்டியைச் சுற்றிச் சின்னக் கறுப்புக் கொசுக்கள் பறக்கும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் இறக்கும் வீட்டுச் செடிகளில் பெரும்பாலானவை தாகத்தில் சாவதில்லை.

மணலி, எண்ணூர் பக்கம் இருக்கோம். இலையில கரி படியுது. அதுக்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம் உண்டு. ஆலைப் புகை, அனல்மின் நிலையச் சாம்பல், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசு எல்லாம் இலை மேல் படலமாக உட்காருகிறது. ரப்பர் செடியின் இலையை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். விரல் நுனி கறுத்து, தடவிய இடத்தில் மட்டும் ஒரு கோடு பளபளப்பாகத் தெரியும். அந்தக் கோட்டில் விழும் வெளிச்சம்தான் முழுசாக உள்ளே போகிறது. ஏற்கெனவே பற்றாக்குறையில் இருக்கும் செடிக்கு இது பெரிய இழப்பு.

வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இலையின் அடியில் ஒரு கையைத் தாங்கி மெதுவாகத் துடையுங்கள். எண்ணெய், பால் எதுவும் வேண்டாம். பளபளப்பு வரும், அடுத்த நாளே இன்னும் அதிகத் தூசு ஒட்டும். ஜன்னல் கண்ணாடியும் கொசுவலையும் இதே மாதிரி அடைத்துக்கொள்கின்றன. வலையைக் கழுவுவதற்கு முன்னும் பின்னும் போனில் லக்ஸ் பாருங்கள், அப்புறம் கழுவ மறக்க மாட்டீர்கள். ஊரின் காற்று சுத்தமாவது நம் ஒருவர் கையில் இல்லை. அதற்காகச் செடி மூச்சுத்திணற வேண்டியதில்லை.

துளசியை பூஜை ரூம்ல வெக்க ஆசை. முடியுமா?

அங்கே வைத்து வளர்க்க முடியாது. துளசிக்குத் தினம் நான்கு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும், ஆறு என்றால் நல்லது. பால்கனியிலோ மாடியிலோ வளர்த்து, விசேஷ நாளில் தொட்டியை உள்ளே கொண்டுவந்து, மறுநாள் வெளியே வைத்துவிடுங்கள். கற்பூரவல்லி கொஞ்சம் குறைந்த வெயிலிலும் வரும். கிழக்கு ஜன்னல் உள்ளவர்கள் அதை முயலலாம்.

வெளிச்சத்துக்கு வழியே இல்ல. லைட் போட்டு வளர்க்கலாமா? கரண்ட் பில் எகிறுமா?

வளர்க்கலாம். ஊதா நிற விளக்குகள்தான் வேண்டும் என்பதில்லை. சாதாரண 20 வாட் எல்இடி ட்யூப், வெள்ளை நிறம், 6500 கெல்வின் என்று போட்டிருப்பது இலைச் செடிகளுக்குப் போதும். தூரம்தான் முக்கியம். அதே ட்யூப் எட்டடி மேலே சீலிங்கில் இருந்தால் நூறு, இருநூறு லக்ஸ். செடிக்கு ஓரடி மேலே தொங்கவிட்டால் இரண்டாயிரம் அளவுக்கு வரும். அலமாரித் தட்டின் அடியில் பொருத்திவிட்டால் ஒரு வரிசைத் தொட்டிக்கு ஆயிற்று.

தினம் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் கால் யூனிட்டுக்கும் குறைவு. இரண்டு மாத பில்லில் 14, 15 யூனிட். ஒரு டைமர் வாங்கி மாட்டினால் மறதிக்கு இடமில்லை. பூச்செடிக்கும் துளசிக்கும் இந்த ஒரு ட்யூப் பத்தாது.

செடியை அப்பப்போ திருப்பி வெக்கணும்னு சொல்றாங்களே?

ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் வரும் இடத்தில், தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் கால் சுற்று ஒரே திசையில் திருப்புங்கள். மொட்டு விட்டிருக்கும் செடியை மட்டும் பூ முடியும் வரை விட்டுவிடுங்கள். திருப்பியும் ஒரு வாரத்துக்குள் மறுபடி சாய்ந்துகொண்டால் இடத்தில் வெளிச்சம் பத்தவில்லை என்று அர்த்தம். மூன்றாவது கேள்வியில் சொன்ன கை நிழலைப் பார்த்து இடத்தை மாற்றுங்கள்.

தை மாசம் பூவோட வாங்கின சாமந்தி, நல்ல வெயில்ல தான் இருக்கு. இந்த வருஷம் இலை மட்டும் விடுது, மொட்டே இல்ல. வெளிச்சம் இன்னும் வேணுமா?

இது அடிக்கடி வராத, ஆனால் நல்ல கேள்வி. பகல் வெளிச்சம் சரி, இரவில்தான் பிரச்சினை. சாமந்திக்கு நீண்ட இரவுகள் தொடர்ந்து கிடைத்தால்தான் மொட்டுக் கட்டும். அதனால்தான் ஐப்பசிக்குப் பிறகு, பகல் குறுகும் காலத்தில் அது பூக்கிறது. உங்கள் பால்கனிக்கு எதிரே தெருவிளக்கு விடிய விடிய எரிந்தாலோ, பால்கனி விளக்கை இரவு பதினொரு மணி வரை போட்டிருந்தாலோ, செடிக்கு இரவு இன்னும் நீளவில்லை என்றே படும். கலாஞ்சோவும் இப்படித்தான்.

மணி பிளாண்ட், ஸ்நேக் பிளாண்ட் போன்ற இலைச் செடிகளுக்குத் தெருவிளக்கால் ஒன்றும் ஆகாது. சாமந்தித் தொட்டியை மட்டும் ஐப்பசி பிறந்ததும் தெருவிளக்கு படாத மாடி மூலைக்கு மாற்றுங்கள். இடம் இல்லையென்றால் மாலை ஆறு மணிக்கு ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, காலை ஏழு மணிக்கு எடுத்துவிடுங்கள். ஒரு நாளும் விடாமல் மொட்டு தெரியும் வரை இதைச் செய்ய வேண்டும். பெட்டியின் இடுக்கு வழியே விளக்கு வெளிச்சம் நுழைகிறதா என்று முதல் நாள் இரவு குனிந்து பார்த்துவிடுங்கள்.